தாயம் விழுந்தால் கதவு திறக்கும்

எனக்கு வாய் அதிகம். யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தின் முன்மேஜையில் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக ஃபோன் எடுக்கிறவள் நான். “மேடம், எல்.கே.ஜி...” என்று எதிர்முனையில் ஒருவர் ஆரம்பித்தால், “அட்மிஷன் முடிஞ்சிடுச்சு சார், வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் குடுங்க” என்று நான் முடித்துவைப்பேன். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லத் தெரிந்தால்தான் அந்த நாற்காலியில் காலம் தள்ள முடியும். வீட்டிலும் அதே கதைதான். என் கணவர் பிறவியிலேயே நிதானமாகப் பேசுகிறவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் ஆரம்பித்த வாக்கியங்களில் பாதியை நான்தான் முடித்திருப்பேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்த மறுவாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஒரு மாதத்தில் தேறியது. வலது கை முக்கால்வாசி திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும், பேப்பர் படிப்பார், ஆனால் நினைத்த வார்த்தை வாய்க்கு வராது. தண்ணீர் கேட்க நினைத்து “சாவி” என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், முகம் சிவந்துவிடும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் டாக்டர் இதை விளக்கியபோது எனக்கு முதலில் தோன்றியது, பரவாயில்லை, இவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன் என்பதுதான்.

நான் பேசிக்கொள்ள முடியாத இடம் ஒன்று இருந்தது. அவர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். தகட்டை ஒரே அடியில் வளைக்கிற ராட்சத மெஷின்களுக்கு நடுவில் முப்பது வருடம். பிரஸ் அடிக்கிற சத்தத்தை வைத்தே அச்சு தேய்ந்திருக்கிறதா என்று சொல்வார். சிக் லீவு ஆடி மாதத்தோடு முடிகிறது, அதற்குள் கம்பெனி டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கு அவரே பதில் சொல்ல வேண்டும், சொன்னால் வேலை, இல்லையென்றால் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கடிதம் வந்தது. ஐம்பத்து நாலு வயது. வீட்டில் உட்கார்ந்தால் மனிதர் கரைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கடிதத்தைக் காலண்டர் ஆணியில் குத்தி மாட்டினேன். ஆடிக்குள் இவரைப் பேசவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சிக்குத் தாம்பரம் போனோம். அங்கே இருந்த பெண் கெட்டிக்காரி. இரண்டாவது நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, அவருக்கு வார்த்தை வர்றதுக்கு நேரமாகும். நீங்க எடுத்துக் குடுத்தா அது வரவே வராது. அவரு திணறும்போது மனசுக்குள்ள இருபது வரைக்கும் எண்ணுங்க” என்றாள். எண்ணிப் பார்த்தேன். ஏழைத் தாண்ட முடியவில்லை. வீட்டில் செய்யச் சொல்லிப் படம் போட்ட அட்டைகளும் கொடுத்தாள். யானை, குடை, வாழைப்பழம். முப்பது வருடம் பிரஸ் ஓட்டிய மனிதரிடம் வாழைப்பழப் படத்தை நீட்டி இது என்ன என்று கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? மூன்றாம் நாள் அட்டைக் கட்டைத் தூக்கி அலமாரிக்கு மேல் எறிந்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மகள் பூனாவில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளும் அவள் நண்பர்களும் லீவு நாளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை விளையாடுவார்களாம். அதில் இரண்டு பேர் மட்டும் விளையாடுகிற ஒன்றை எனக்கு அனுப்பிவைத்து ஃபோன் செய்தாள்.

“ஒருத்தர் வழிகாட்டி, ஒருத்தர் பயணிம்மா. எதிர்ல என்ன இருக்குன்னு வழிகாட்டி சொல்லணும். பயணி என்ன செய்றான்னு பயணிதான் சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா பகடை உருட்டணும். அவ்ளோதான்.”

“இதுல யாரு ஜெயிப்பாங்க?”

“யாரும் ஜெயிக்க மாட்டாங்க.”

“அப்புறம் என்னத்துக்குடி விளையாடறது?”

“அம்மா, அப்பா பேசறதுக்கு” என்றாள்.

ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருபத்திரண்டு பக்கமாக அதை எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் ஆங்கிலம். ஒரு தேசத்தில் எல்லோரும் ஊரை விட்டு ஓடிப்போய்விட்டார்கள். ஒரு ஆள் மட்டும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு, காலியான ஊர்களைத் தாண்டி, ஒரு மலை உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆள்தான் பயணி. ஒரு விதியின் கீழே மட்டும் மகள் சிவப்பில் கோடு போட்டிருந்தாள். பயணி செய்யப்போவதை வழிகாட்டி தன் வாயால் சொல்லிவிட்டால் அந்தக் காட்சி செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெற்ற மகளுக்கு என்னைத் தெரியாதா?

பகடைக்குத்தான் திண்டாட்டம். லூடோ டப்பாவில் காய்கள் இருந்தன, பகடையைக் காணோம். வைகுண்ட ஏகாதசிக்கு விழித்திருக்க எடுக்கிற பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி பரணில் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லாம் விழும், மேலே ஒரு பன்னிரண்டும் விழும். புளி போட்டுத் தேய்த்துவைத்தேன்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி டீக்குப் பிறகு. நான் வழிகாட்டி, அவர் பயணி. மலை என்றால் எங்களுக்குத் தெரிந்தது திருநீர்மலை, அதையே வைத்துக்கொண்டேன். “ரோட்ல ஒரு ஆள் இல்ல. கடையெல்லாம் ஷட்டர் போட்டிருக்கு. எதிர்ல ஒரு பெரிய இரும்புக் கதவு, பூட்டியிருக்கு. உள்ள யாரோ இருமற சத்தம் கேக்குது. என்ன செய்றீங்க?” என்றேன்.

அவர் கதவை நிஜமாகவே பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. எட்டு வரை எண்ணியிருப்பேன்.

“கதவத் தட்டறீங்களா?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இடது கையால் பென்சிலை எடுத்து, பக்கத்தில் இருந்த நோட்டில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார். செல்லாது. முதலிலிருந்து சொன்னேன், ரோடு, ஷட்டர், இரும்புக் கதவு, இருமல். மறுபடி வாய் தவறியது, மறுபடி குறி விழுந்தது. அன்றைக்கு மட்டும் பதினொன்று. பதினோராவது குறிக்கு அவர் சிரித்தே விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் பார்த்த முதல் சிரிப்பு அது, எனக்கோ எரிச்சல் மூக்கு முட்ட வந்தது. புடவைத் தலைப்பை உருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு பன்னிரண்டாவது தடவை கேட்டேன், என்ன செய்றீங்க?

கடிகாரத்தில் நாலு நிமிடம் ஓடியது. எங்கள் மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு மின்சார ரயில் போனது, இன்னொன்றும் போனது. பிறகு அவர், “கீல்” என்றார். நான் வாயில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். “கீல்... பாக்கறேன்.”

நானாக இருந்தால் தட்டியிருப்பேன், கத்தியிருப்பேன், கல்லை எடுத்துப் பூட்டை உடைத்திருப்பேன். அவர் கதவின் கீலைப் பார்க்கிறார், துருப்பிடித்திருக்கிறதா என்று. முப்பது வருடம் இரும்போடு இருந்தவர் வேறு எதைப் பார்ப்பார்? அந்த யோசனை என் புத்திக்கு எட்டவே எட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டையை உருட்டச் சொன்னேன். தரையில் சிணுங்கிக்கொண்டு ஓடி நின்றன இரண்டும், ஒன்றில் ஒற்றைப் புள்ளி, மற்றதில் வெறுமை.

“தாயம்!” என்று கத்தினார்.

தடங்கல் இல்லாமல், சுத்தமாக, பழைய குரலில். சின்ன வயதிலிருந்து வாய் பழகிய வார்த்தை, மூளையில் எந்தச் சந்து வழியாகவோ புகுந்து வெளியே வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, “தாயம் விழுந்துடுச்சு, கீல் பெயர்ந்து கதவு தொறந்துகிச்சு, உள்ள போயிட்டீங்க, இன்னொரு தடவ போடுங்க” என்று மடமடவென்று கதையை ஓட்டினேன். தாயம் விழுந்தால்தானே காய் கட்டத்துக்குள் இறங்கும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து தினமும் ஒரு காட்சி. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நாலு மணிக்கு வருவேன், டீ, பிறகு ஆட்டம். காய்ச்சல் வந்த இரண்டு நாள் தவிர விடவில்லை. கீழ் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம், அந்த அம்மா என்னைவிட நாலு வயது சின்னவள். ஒருநாள் எங்கள் ஆட்டத்தில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு உருவம் கத்தியோடு ஏறி வந்துகொண்டிருந்தது. “கத்திய ஓங்கிட்டான், என்ன செய்றீங்க? சொல்லுங்க!” என்று நான் என் பள்ளிக்கூடக் குரலில் கேட்டிருக்கிறேன். அடுத்த நிமிடம் கதவு இடிபட்டது. கையில் கரண்டியோடு நின்றாள். “அக்கா! இன்னா ஆச்சு? யாரு உள்ள வந்தது?” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள். அதன் பிறகு மாடிப்படியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணா, கடுதாசி எது வரிக்கும் போய்கீது?” என்று கேட்பாள். அவரும் நின்று, திணறி, “பாலம்” என்றோ “காடு” என்றோ பதில் சொல்லிவிட்டுத்தான் நகருவார். அவள் அவசரப்படுத்தவே மாட்டாள். அடுப்பில் பால் இருந்தாலும் நிற்பாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது. நோட்டில் பக்கத்துக்கு ஒன்பது பத்து என்று இருந்த குறிகள் இரண்டு மூன்றாகக் குறைந்தன. ஒற்றை வார்த்தையாக வந்த பதில் மூன்று நான்கு வார்த்தையாக வளர்ந்தது. அவருடைய பயணி அவசரமே படாத ஆள். பாலத்தில் கால் வைப்பதற்கு முன் தட்டிச் சத்தம் கேட்பான், எதிரில் வருகிறவனிடம் சண்டை போடாமல் சாப்பிட்டாயா என்று கேட்பான். ஏழெட்டுத் தடவை தாயம் அவனைக் காப்பாற்றியது. பன்னிரண்டு விழுந்த அன்று ஒரு யானை வந்து ஆற்றைக் கடக்க உதவியது. அது என் சொந்தச் சரக்கு.

ஒரு சனிக்கிழமை மகள் வீடியோ கால் போட்டு நாங்கள் விளையாடுவதைப் பார்த்தாள். அவருக்குத் தாயம் விழுந்தது, நாங்கள் இருவரும் கைதட்டினோம். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“அம்மா, ஒண்ணு விழுந்தா எதுக்கு கைதட்டறீங்க?”

“தாயம்டி.”

“அம்மா... ஒண்ணுதான் இருக்கறதுலயே மோசம். பதினாலாம் பக்கம் படிக்கலையா? ஒண்ணு விழுந்தா காரியம் கெட்டு, பயணிக்கு அடிபடும். மூணு அடிபட்டா ஆள் காலி.”

பதினாலாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் இருந்தது. படித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். மேலே பகடை என்று பார்த்ததுமே மீதி எனக்குத் தெரியும் என்று புரட்டியிருப்பேன். மனிதர்களின் வாக்கியத்தை மட்டுமா, அச்சடித்த பக்கத்தையும் நானே முடித்துவைத்திருக்கிறேன். விதிப்படி பார்த்தால் அவருடைய பயணி முதல் நாள் இரும்புக் கதவிலேயே அடிபட்டு, இரண்டாம் வாரத்தில் எங்கோ ஒரு புளியமரத்தடியில் செத்துப்போயிருக்க வேண்டும்.

எனக்கு முறை என்றால் முறை. “சரி, தப்பு நடந்துடுச்சு. நாளைக்கு ஒழுங்கா முதல்லேருந்து ஆரம்பிப்போம்” என்றேன். மறுநாள் நான் ரோடு, ஷட்டர் என்று ஆரம்பித்தபோது அவர் கட்டைகளைக் கையில் மூடிக்கொண்டு பேசாமல் இருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டு நாளில் இரண்டு மாதம் பின்னால் போய்விட்டதோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான்... உள்ள... வந்தாச்சு” என்றார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருபதும் தாண்டியது. “தாயம் போட்டு... வந்தவன... வெளிய போகச்... சொல்லாத.”

அவ்வளவு நீளமான வாக்கியத்தை அதுவரை அவர் பேசியதில்லை. அதோடு சரி, பதினாலாம் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மகளுக்கு ஃபோன் செய்து, இந்த வீட்டில் ஒன்று விழுந்தால் கதவு திறக்கும், உன் பூனாவில் எப்படியோ வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

ஆடி பிறந்தது. கம்பெனி டாக்டரைப் பார்க்கப்போகிற அன்று காலை ரயிலில் மறைமலை நகர் போனோம். துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். போகிற வழியெல்லாம் என் மனதுக்குள் ஒரு பதில் ஓடிக்கொண்டே இருந்தது: எல்லாம் சரியாயிடுச்சு டாக்டர், பழைய மாதிரியே பிரஸ் ஷாப் பார்த்துப்பார். வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் நல்ல மாதிரியானவர், ஆனால் வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். பெயர், வயது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னார். ஒரு மாத்திரையின் பெயர் மாறிப்போய், அவரே திருத்திக்கொண்டார். பிறகு டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

“பழைய வேலைய திரும்பச் செய்ய முடியும்னு நினைக்கிறீங்களா?”

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கஷ்டமா இருந்தா பரவால்ல. மேடம், நீங்க சொல்லுங்களேன்.”

ரயில் முழுக்க ஓட்டிப் பார்த்த பதில் நாக்கு நுனியில் நின்றது. “டாக்டர்...” என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், தொடை மேல் இருந்த அவருடைய இடது கையின் ஆள்காட்டி விரல் பேன்ட் துணியில் மெல்ல ஒரு பெருக்கல் குறி போட்டது.

வாயை மூடிக்கொண்டேன். “அவரே சொல்லுவார் டாக்டர். கொஞ்சம் இருங்க” என்றேன். பிறகு அவரைப் பார்த்து, வீட்டில் கேட்கிற அதே குரலில் கேட்டேன். “என்ன செய்றீங்க?”

இருபது எண்ணினேன். மறுபடி ஒன்றிலிருந்து இருபது. வெளியே யாரோ பொறுமையில்லாமல் செருப்பைத் தேய்த்தார்கள்.

“பிரஸ்... வேண்டாம்” என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு மாதமாக எதற்கு இந்தப் பாடு? ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆளு கை... உள்ள இருந்தா... நிறுத்துன்னு... கத்தணும். உடனே. என்னால...” கையை வாய் அருகில் கொண்டுபோய்க் காட்டினார். “லேட்டாகும். கை... போயிடும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இன்ஸ்பெக்ஷன்... குடுங்க. கண்ணு நல்லா இருக்கு. சத்தம்... தெரியும். அது... முடியும்.”

டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார். “இரண்டு மாசம் இன்ஸ்பெக்ஷன்ல போட்டுப் பார்க்கலாம்னு எழுதறேன்” என்றார். வெளியே வந்தோம். வேலை கிடைத்த நிம்மதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம், என் பயம்தான். அந்த ஒற்றை விரல் அசையாமல் இருந்திருந்தால், “எல்லாம் முடியும் டாக்டர்” என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். யாரோ ஒரு பெண்ணின் புருஷன் பிரஸ்ஸுக்கு அடியில் கை வைத்திருக்க, இவர் வாய் திறந்து வார்த்தை வராமல் நின்றிருப்பார். இத்தனை மாதமும் அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்தோம். நான் வழக்கம்போல் டிக்கெட் கவுண்டர் பக்கம் நடந்தேன், அவர் என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு வரிசையில் போய் நின்றார். அவர் முறை வந்தது. கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் குனிந்தார். “ரெண்டு...” என்றார். பிறகு நின்றுவிட்டது. தூரத்தில் செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டியின் ஹாரன் கேட்டது.

பின்னால் நின்ற ஆள் உச்சுக்கொட்டினான். “இன்னா சார், வண்டி வந்துகினு கீது. சட்டுனு சொல்லு சார்.” என்னைப் பார்த்து, “அக்கா, நீயாவது சொல்லேன்” என்றான்.

ஊர் பெயர் என் வாயில் இருந்தது, நான் பிறந்து வளர்ந்த ஊர். நான் திரும்பி அந்த ஆளை நேராகப் பார்த்தேன்.

“அவரு பேசிக்கிட்டு இருக்காரு” என்றேன். “இருங்க.”

வண்டி வந்து நின்றது, கிளம்பியும் போனது. அது போன பிறகுதான் அவர், “குரோம்பேட்டை” என்றார்.